ஏ.எஃப்.எம்.கே.: சோதனைக் குழாயும் உடலும்

பீனியல் சுரப்பி இரவில் சுரக்கும் மெலட்டோனின் சிதையும்போது உண்டாகும் ஏ.எஃப்.எம்.கே. என்னும் சேர்மமே இக்கருத்தரங்கின் பொருள். மெலட்டோனினை 1958இல் யேல் பல்கலைக்கழகத்து ஆரோன் லெர்னர் குழுவினர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தனர். உடலில் அதன் பெரும்பகுதி கல்லீரலில் ஹைட்ராக்சி வடிவம் பெற்று, சல்பேட்டுடன் இணைந்து சிறுநீரில் வெளியேறுகிறது. இண்டோல் வளையம் உடையும் மற்றொரு வழியில்தான் ஏ.எஃப்.எம்.கே. பிறக்கிறது; 1974இல் ஹயாய்ஷி குழுவினர் இதை விவரித்தனர். செல்லின் மூலக்கூறுகளைத் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை மெலட்டோனின் செயலிழக்கச் செய்யும் என்று 1993இல் ரைட்டர் குழுவினர் அறிவித்தனர். அதன் சிதைபொருள்களும் அதே வேலையைத் தொடர்வதாகவும், ஒரு மூலக்கூறின் வழியே பத்துத் தனி உறுப்புகள் வரை அடங்கலாம் என்றும் பின்னர் எழுதப்பட்டது.

சோதனைக் குழாயில் இந்த வேதியியல் உண்மை. ஆனால், அதிலிருந்து உடலைக் காக்கும் கவசம் இது என்ற முடிவுக்குத் தாவ முடியாது என்பதே என் வாதம். இரவின் உச்சத்திலும் இரத்தத்தில் மெலட்டோனின் பொதுவாக ஒரு நானோமோலாரை எட்டுவதில்லை. செல்லுக்குள் அதே காப்பு வேலையைச் செய்யும் குளுட்டாதயோனோ மில்லிமோலார் அளவில் இருக்கிறது. இடைவெளி பத்து இலட்சம் மடங்கு. ஹைட்ராக்சில் தனி உறுப்பு, உருவான இடத்திலேயே அருகில் கிடைப்பதைத் தாக்கிவிடும். அங்கே எண்ணிக்கையில் மிகுந்ததே முந்தும். பத்து மடங்குப் பெருக்கம் இந்த இடைவெளியை அடைக்காது. இரத்தத்தை விட மைட்டோகாண்டிரியாவில் செறிவு கூடுதலாக இருக்கலாமே என்பர். இருக்கலாம், அப்படியானால் அங்கேயே அளந்து காட்ட வேண்டும். மெலட்டோனின் தந்த விலங்குகளின் திசுக்கள் காக்கப்படுகின்றனவே என்பதும் வலுவான மறுப்புதான். ஆனால், மெலட்டோனின் ஏற்பிகள் வழியாகவும் இயங்குகிறது. காப்பு நொதிகளின் செயலையும் கூட்டுகிறது. எனவே, கிடைத்த பாதுகாப்பைச் சிதைபொருளின் கணக்கில் மட்டும் எழுத இயலாது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதை நாம் மறக்கலாகாது. அதுவும் எதிர் ஆக்சிஜனேற்றி என்ற நம்பிக்கையோடு தரப்பட்டதே.

அப்படியென்றால் ஏ.எஃப்.எம்.கே. பயனற்றதா? இல்லை. வெள்ளணுக்களின் மைலோபெராக்சிடேஸ் நொதியும் அதை உண்டாக்கவல்லது. மூளையுறை அழற்சி நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அது மிகுந்திருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அழற்சி நடக்கும் இடத்தையும் அதன் தீவிரத்தையும் காட்டும் குறியீடாக அது விளங்கக்கூடும். நோயறியும் கருவி என்ற இந்தத் தகுதியை, காப்பு மருந்து என்ற புகழை விட எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே, இங்கு படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் எந்தத் திசுவில், எவ்வளவு செறிவில், எந்த வழியில் உருவானது என்று கேளுங்கள். அக்கேள்விகளோடு முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.