கொடுக்கும் முன் கேட்போம், கேட்டதைப் பகிர்வோம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பள்ளிவாசல்துறையிலும் அயல் ஊர்களிலும் வாழும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



"பழைய மாணவிகளும் தருமமும்" என்ற தலைப்பில் பேசும்படி எம்மைக் கேட்டிருக்கிறார்கள். தருமம் செய்யுங்கள் என்று இந்தச் சபையிடம் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்தும் டோஹாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் நீங்கள் அனுப்புவது எமக்குத் தெரியும். நாம் பேச வந்தது வேறொன்று. அனுப்பியது உரிய இடத்தில் சேர்கிறதா, சேர்ந்த இடத்தில் பயன் தருகிறதா, அதை நமக்குள் எப்படி அறிந்துகொள்வது என்பதுதான் அது. பணம் நம்மிடம் ஓரளவு இருக்கிறது. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியும் வழிதான் இல்லை.

இதைச் சொல்ல எமது ஊருக்கு ஓர் உரிமை உண்டு. ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது பள்ளிவாசல்துறை. எம்மில் சிலர் இந்த மணலில் பிறந்தவர்கள். சிலர் 1990இல் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து வந்தவர்கள். அந்த ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தவர் தரைவழியாக வவுனியாவைக் கடந்து வந்தார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று.

அந்த முதல் நாட்களைப் பற்றி எமது தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் திறந்துவிடப்பட்டன. பெரிய சட்டிகளில் சோறு ஆக்கினார்கள். எந்தப் பாடசாலை மண்டபத்தில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், எந்த மரத்தடியில் கர்ப்பிணி இருக்கிறாள், யாருக்கு மாற்றுத் துணி இல்லை என்பதெல்லாம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் அறிந்தது அடுத்த வீட்டுக்கு வேலிக்கு மேலால் போயிற்று. கொடுத்தவர்கள் வசதியானவர்கள் அல்லர். கடலையும் தோட்டத்தையும் நம்பிப் பிழைத்தவர்கள். ஆனாலும் அந்த உதவி வீண் போகவில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் தூரம் இருக்கவில்லை, செய்தி மறைக்கப்படவும் இல்லை.

பின்னர் வந்த காலம் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. சில நாட்களுக்கென்று வந்தவர்கள் பல ஆண்டுகள் கிடுகுக் குடிசைகளில் இருந்தார்கள். உலர் உணவு வந்தது, நிறுவனங்கள் வந்தன, பெயர் எழுதிக்கொண்டு போனார்கள், மீண்டும் வந்து எழுதினார்கள். முகாமுக்கு அருகில் அதே வறுமையில் வாழ்ந்த உள்ளூர்க் குடும்பம் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தபோது மனக்கசப்பும் வந்தது. 2007இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் உள்ளூர் வறிய குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு. ஆனால் அதற்குள் 17 ஆண்டுகள் கடந்திருந்தன. அயலவரையும் கேட்டிருந்தால் அந்த யோசனை முதல் ஆண்டிலேயே கிடைத்திருக்கும்.

சகோதரிகளே, எமது ஊர்ப்பக்கத்தில் மிகவும் விரும்பிச் செய்யப்படும் தருமம் கிணறு. பெற்றோரின் பெயரால் ஒரு கிணறு கட்டினால் அது ஸதகத்துல் ஜாரியா, தண்ணீர் ஊறும் காலமெல்லாம் நன்மை என்று கருதுகிறோம். அந்த எண்ணம் உயர்ந்தது. ஆனால் கற்பிட்டி மண்ணைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இது வெறும் மணல். நன்னீர் ஆழத்தில் இல்லை. உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியா மணலூடாக நேரே நிலத்தடி நீரை அடைகிறது. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழியும் கிணறும் சில அடி இடைவெளியில் இருக்கின்றன. இதனால் இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். ஆகவே கிணறு வேண்டுமா என்று கேட்பதற்கு முன், இருக்கும் கிணற்று நீரைப் பரிசோதித்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் புதிய கிணற்றை விடப் பரிசோதனைக் கட்டணமும், குழாய் நீர் இணைப்புக் கட்டணமும், மலசலகூடக் குழியைத் தள்ளி அமைக்கும் செலவுமே பெரிய தருமமாக இருக்கும். அவற்றில் பெயர்ப்பலகை வைக்க முடியாது, அவ்வளவுதான். நம் சங்கத்தில் இரசாயனம் படித்தவர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள். மெல்பேணில் கிணற்றுக்குப் பணம் சேர்க்கும் தங்கைக்கு இவர்கள் அறிந்தது போய்ச் சேர்ந்தால் போதும்.

இன்னொன்றையும் கனத்த மனதுடன் சொல்கிறோம். 2020 மே 21ஆம் திகதி, நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில், கொரோனா முடக்கத்தால் வருமானம் இழந்திருந்த மக்களுக்குக் கொழும்பு மாளிகாவத்தையில் பணம் பங்கிடப்பட்டது. நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். கொடுத்தவரின் எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சிறு தொகைக்காகப் பெண்கள் முண்டியடிக்க வேண்டி வந்ததே! அவர்களுடைய முகவரி அயலவருக்குத் தெரியும், பள்ளிவாசலுக்குத் தெரியும், கிராம சேவகருக்குத் தெரியும். அந்தச் செய்தி ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் பணம் அவர்களின் வாசலுக்குப் போயிருக்கும். கூட்டு ஸகாத் முறை வேண்டும் என்று நம் பெரியவர்கள் வலியுறுத்துவதும் இதற்காகத்தான். சேர்த்து, விசாரித்து, ஒரு குடும்பம் எழுந்து நிற்கப் போதுமானதைக் கொடுப்பது அது.

பாடசாலைக்குக் கொடுப்பதிலும் இதே கேள்வி உண்டு. கென்யாவில் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடநூல்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மைக்கல் கிரெமரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் நூல் பெற்ற பாடசாலைகளையும் பெறாத பாடசாலைகளையும் ஒப்பிட்டார்கள். சராசரிப் புள்ளிகள் உயரவில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஏற்கெனவே கெட்டிக்காரராக இருந்தவர்களே பயனடைந்தார்கள். அதே நாட்டில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தபோது பாடசாலை வரவு கூடியது. செலவும் மிகக் குறைவு. கிரெமருக்கு 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. கென்யாவில் நடந்தது இங்கும் அப்படியே நடக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. பயன்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்களே, அதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

நம் நாட்டில் பாடநூலை அரசு இலவசமாகக் கொடுக்கிறது, சீருடைத் துணியும் கொடுக்கிறது. நாமும் அவற்றையே கொடுத்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை கிடைக்கும். மாதத்தில் சில நாட்கள் ஒரு மாணவி ஏன் வருவதில்லை என்று கேட்டால் வேறு தேவை தெரியவரும். கண்ணாடி இல்லாததால் கரும்பலகை தெரியாத பிள்ளை, பஸ் கட்டணம் இல்லாததால் உயர்தர வகுப்பை விட்ட பிள்ளை, கழிப்பறைக் கதவு பூட்டாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளை என்று எத்தனையோ உண்டு. பெண்பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஒரு காலத்தில் நாமும் கேட்டதில்லை.

ஆகவே இந்த நூற்றாண்டில் ஒரு கட்டடத்தோடு சேர்த்து ஒரு கொப்பியையும் தொடங்குவோம் என்று வேண்டுகிறோம். சங்கத்துக்கென ஒரே பொதுப் பதிவேடு. எங்கே என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், எந்த ஆண்டு மாணவிகள் என்ன கொடுத்தார்கள், என்ன செலவானது, ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது எந்த நிலையில் இருந்தது என்று அதில் எழுதுவோம். உடைந்துபோன நீர் வடிகட்டியும் பூட்டிக் கிடக்கும் கணினி அறையும் அதில் வரட்டும். அதைப் படிக்கும் இன்னொரு வகுப்பு அதே பணத்தை வேறுவிதமாகச் செலவிடும். உதவி பெற்றவரின் பெயர் மட்டும் அதில் வர வேண்டாம், படமும் வேண்டாம். ஏழைப் பிள்ளையின் மானம் நம் அறிக்கைக்கு அலங்காரம் அல்ல.

இரண்டாவதாக, பணத்தைப் போலவே அறிவையும் கணக்கில் எடுப்போம். கணக்காளர் ஒருவர் மாதத்தில் ஒரு மணி நேரம் தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பாடசாலைக்குப் போய் உண்மைத் தேவையைக் கேட்டு எழுதலாம். குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் நம் தோழிக்கு எந்த வீட்டில் என்ன குறை என்று வெளியூர் நிறுவனத்தை விட நன்றாகத் தெரியும். பெயர் சொல்லாமலே அவர் வழிகாட்டலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வகுப்பும் தன் நன்கொடையில் ஒரு பங்கைப் பொது நிதிக்கு விடட்டும். இது நமக்குப் புதிதல்ல. சீட்டுப் பிடித்துப் பழகிய பெண்கள் நாம். ஒருவர் கையில் கொப்பி, எல்லோர் கண்ணிலும் கணக்கு, அவசரம் உள்ளவருக்கு முதல் முறை என்று நம் உம்மாமார் நடத்திய ஒழுங்கு அதுதான்.

இன்று மாலை கலைந்து போவதற்கு முன், ஒவ்வோர் ஆண்டு மாணவியர் சார்பிலும் ஒருவர் தன் பெயரைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எமது பகுதியின் பொறுப்பை நாம் ஏற்கிறோம். பள்ளிவாசல்துறையிலும் அயலிலும் உள்ள பாடசாலைக் கிணறுகளின் நீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, முடிவு நல்லதோ கெட்டதோ முதல் பக்கத்தில் எழுதுவோம். கிணறு கட்ட நினைத்திருக்கும் ராத்தாமார் அதுவரை சற்றுப் பொறுத்திருங்கள். உங்கள் பணத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. அது எது என்று கேட்டுச் சொல்கிறோம்.