பைலாவும் நம் றபானும்



நம் நாட்டில் பேருந்தில் ஏறினாலும் பைலா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி முடிந்தாலும் பைலா. அந்தப் பைலாவுக்குப் புதுக்கோலம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் மொரட்டுவை 'ஜிப்சீஸ்' இசைக்குழுவினர்.

1969ஆம் ஆண்டில் அன்டன் பெரேரா தம் மக்களைச் சேர்த்து அமைத்த குழு அது. மகன் சுனில் பெரேரா, 2021 செப்டெம்பரில் மறையும்வரை அதன் குரலாக விளங்கினார். போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற துள்ளல் தாளத்தை 1940களில் வோலி பஸ்தியன் சிங்களப் பாட்டாக்கினார். ஜிப்சீஸ் குழுவினர் அதே தாளத்தின்மேல் பொப், ரொக் இசைகளின் மின்கிற்றாரை ஏற்றினர். நகைச்சுவைச் சொற்களால் அரசியல்வாதிகளையும் சமூகப் போலிகளையும் சாடினர். தமிழில் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடி இத்தாளத்தைத் தமிழகம்வரை கொண்டுசென்றார்.

அமெரிக்காவிலும் இதற்கு இணையுண்டு. 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய 'ஸ்லை அன்ட் த ஃபமிலி ஸ்டோன்' குழுவில் கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில் நின்றனர். ரொக்கையும் சோலையும் கலந்து 'ஃபங்க்' என்னும் இசையை வளர்த்தனர். அதன் தலைவர் ஸ்லை சிறுவயதிலேயே உடன்பிறந்தாருடன் தேவாலயப் பாட்டுப் பாடி வளர்ந்தவர்.

இவ்விரு குழுக்களும் வெறுங்கையுடன் கலக்க வரவில்லை. ஒன்றுக்குப் பைலா, மற்றதற்குத் தேவாலயப் பாட்டு. தமக்கென ஒன்றைக் கைவசம் வைத்திருந்தவர்களே பிறருடையதைத் துணிந்து ஏற்றனர்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் ஊர்களின் கைவசம் யாது? நோன்புக்கால இரவுகளில் சஹருக்கு எழுப்பும் பாவாமாரின் றபான், கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தில் ஒலிக்கும் பக்கீர் பைத்து, களிகம்பாட்டத்தின் தாளக்கட்டு. மட்டக்களப்புப் பறங்கியரின் காபிரிஞ்ஞா ஆடலிலும் வயலினோடு றபான் ஒலிப்பதுண்டு. நம் பறையும் அவர்கள் பறையும் நெடுநாளைய அயலார்.

இசை ஆகுமா ஆகாதா என்பதில் நம் ஆலிம்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. அதனுள் இப்பேச்சு புகவில்லை. ஆனால் கைத்தொலைபேசியின் மணியோசை சஹர் றபானின் இடத்தைப் பிடித்துவருவதை எல்லோரும் அறிவோம். கைமாறிக் கைமாறி வந்த அடிகள், வாசிப்பவரோடு மறையும். அவை மறைந்தபின், புதிய குழு அமைக்கும் நம் இளைஞர் எதனை எதனோடு கலப்பர்?

ஆகவே, இளைஞர்களே, கிற்றாரைப் பழகுங்கள், தடையில்லை. அதற்கு முன் ஊரிலுள்ள முதிய பாவா ஒருவரிடம் அமர்ந்து, றபானின் அடிகளைக் கேட்டுப் பழகிப் பதிவுசெய்து வையுங்கள்.