வாடகைக்கு வீடு வாங்குவோர் கவனத்திற்கு
(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வளைகுடாவில் உழைத்து ஈட்டிய பணம் ஊர் வந்து சேர்ந்ததும், "ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் காலமெல்லாம் சோறு போடும்" என்னும் எண்ணமே நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுகின்றது. எண்ணம் தவறன்று. ஆயினும் வரவை எண்ணும் நாம் செலவை எண்ணுவதில்லை.

60 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கி, மாதம் 15,000 ரூபாய்க்கு விடுவதாகக் கொள்வோம். ஆண்டு வரவு 1,80,000, நூற்றுக்கு மூன்று. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 15,000 போயிற்று. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என்று 30,000 ஒதுக்கினால் (வெள்ளையடிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு!) மிஞ்சுவது 1,35,000, நூற்றுக்கு இரண்டேகால். இவ்வீட்டிற்கு வங்கியில் 40 இலட்சத்தை 9 விழுக்காட்டில் கடனாகப் பெற்றால், வட்டி கூடாது என்பதை ஒருபுறம் வைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும், முதலாண்டு வட்டியே ஏறத்தாழ மூன்றரை இலட்சம். வாடகை அதில் பாதியைக்கூட அடைக்காது. மனை விலை ஏறும் என்பர். ஏறலாம், விற்கும் நாள்வரை அது கைக்காசு ஆகாது.

வட்டிக்கு அஞ்சுவோரில் பலர் ஒத்திப் பணத்தை நாடுகின்றனர். குடிவருபவரிடம் 5 இலட்சமோ 8 இலட்சமோ பெற்று, வாடகையின்றி வீட்டைக் கொடுத்து, அப்பணத்தில் அடுத்த மனையை வாங்குகின்றனர். கொடுத்த கடனுக்காக வாடகையின்றிக் குடியிருப்பதும் வட்டியின் பாற்பட்டதே என உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். அதுமட்டுமன்று. தவணை முடிந்து அவர் பணத்தைக் கேட்கும்போது அது மனையாகக் கிடக்கின்றது. அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை அவர் நடையாய் நடக்கவேண்டும். மகள் நிக்காஹுக்கென வைத்திருந்த பணமாகவும் அது இருக்கக்கூடும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியது மட்டும் அவரைக் காக்காது; 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தி பதிவு செய்யப்படவேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம்.

பணம் போதாதெனில், இருவர் மூவர் கூட்டாக முதலிட்டு, அவரவர் பங்கைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி, வாடகையை அவ்விகிதப்படி பிரித்துக்கொள்வதே நாம் பரிந்துரைக்கும் வழி.

வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடலாகாது. பதிவான கிரயமும் அடமானமும் அதில் தெரியும். பங்குதாரர் அனைவரும் தெரியமாட்டார். தந்தை மறைந்தபின் ஆண்மக்கள் மட்டும் கையொப்பமிட்டு விற்கும் வீட்டில் சகோதரிகளின் பங்கு அப்படியே நிற்கின்றது. வாரிசுச் சான்றைக் கேட்டுப் பெற்று, பெண்மக்களும் கையொப்பமிடுவர் என்று உறுதியான பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.

குடிவைப்பதற்குத் தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கோருகின்றது. வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது.

இறுதியாக ஜகாத். வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்பிற்கு ஜகாத் இல்லை. நிஸாபை எட்டி ஓராண்டு கையில் நிற்கும் வாடகைப் பணத்திற்கு 2.5 விழுக்காடு உண்டு. விற்கும் நோக்கில் வாங்கிய வீடாயின் அதன் சந்தை மதிப்பிற்கே ஜகாத் வரும். ரமளானில் கணக்கெழுதுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே எழுதுக.