டவுண் வாகையடி முக்கு தெருமுனைக் கூட்டத்தில் நான் பேசியது



2013 மார்ச் 21. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில். இலங்கை பற்றி அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 25 ஓட்டில் நிறைவேறிச்சு. இந்தியாவும் ஆதரிச்சுது. ஆனா போர்க்குற்றத்தை யார் விசாரிக்கணுமாம்? கொழும்பு அரசேதான்! திருடன் கையில சாவியைக் கொடுத்த கதை. நாம கேட்டது சர்வதேச விசாரணை. நீர்த்துப்போன தீர்மானம்னு தமிழ்ப் பத்திரிகைகள் அப்பவே எழுதின. காலேஜ் பிள்ளைங்க தெருவுக்கு வந்தாங்க.

ஒரு மாசம்கூட ஆகல. ஏப்ரல் 13, யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ பத்திரிகை அச்சகத்துக்குள்ள துப்பாக்கியோட புகுந்து மெஷினுக்குத் தீ வெச்சாங்க. எழுதுறவன் அச்சகத்தையே காப்பாத்தாத அரசா நமக்கு நியாயம் சொல்லும்?

2018 ஜூன்ல, இஸ்ரேலைக் குறிவைக்குதுன்னு கோவிச்சுக்கிட்டு அமெரிக்கா அந்தக் கவுன்சிலை விட்டே வெளியேறிட்டு. அப்ப கிளிநொச்சியில, காணாமப்போன பிள்ளைங்க போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு அம்மாமார் 16 மாசமா போராட்டத்தில உக்காந்திருந்தாங்க.