கண்ணாடிக்குப் பிடித்ததா, தலைக்குப் பிடித்ததா?

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நம் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, நாமக்கல்லில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்து இருபத்தைந்து வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். "எதைப் பற்றி வேணும்னாலும் பேசுப்பா, பத்து நிமிஷம் போதும்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது வியாபாரம். அதிலும் நான் செய்த ஒரு தப்பான வியாபாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இன்று காலை அடிவாரத்தில் காரவள்ளியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். நம் மாணவர்கள் வரிசையாக பைக்கில் மேலே ஏறினார்கள். எல்லோரிடமும் ஹெல்மெட் இருந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அது ஒருவருக்கு டேங்க் மேல் இருந்தது, இன்னொருவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் முழங்கையில் தொங்கியது. தலையில் இருந்த சிலதும் கழுத்தைத் திருப்பினால் தனியே ஆடிக்கொண்டிருந்தன. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் ஆடிக்கொண்டேதான் வந்திருக்கும்.

2007 ஜூன் முதல் தேதி நம் மாநிலத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து மறுபடியும் கட்டாயமானது. அந்த ஜூன் கடைசி வாரம் எங்கள் கடையில் நிற்க இடமில்லை. தட்டுப்பாடு வேறு. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் வந்தான். நம் கல்லூரிதான், இரண்டாம் ஆண்டு. முதலில் சரியான சைஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "கன்னத்தை அமுக்குதுங்கண்ணா, முடியும் கலைஞ்சு போயிருது" என்றான். பக்கத்தில் தொங்கிய இன்னொன்றைக் கேட்டான். கருப்பு நிறம், நெருப்பு படம், வெள்ளி மாதிரி பளபளக்கும் வைசர். அதில் அவன் சைஸ் இல்லை, இரண்டு சைஸ் பெரியதுதான் இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எப்படீங்கண்ணா இருக்குது?" என்றான்.

எனக்குத் தெரியும், அது அவன் தலைக்கு லூஸ் என்று. ஆனால் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். "சூப்பரா இருக்குது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அந்த ஐப்பசியில் அவன் இதே மலையிலிருந்து நண்பர்களோடு இறங்கியிருக்கிறான். மழை பெய்து வளைவில் சேறு. வேகம் ஒன்றும் இல்லை, இரண்டாவது கியர்தான். வண்டி சறுக்கியது, விழுந்தான். தலை தரையில் படும் முன்பே ஹெல்மெட் கழன்று ஓரமாக உருண்டுவிட்டது. வார் மாட்டியபடியே இருந்ததாம்.

உயிர் பிழைத்துவிட்டான். அது கடவுள் செயல். ஆனால் ஒரு வருடப் படிப்பு போயிற்று. வாசனை எதுவும் இன்றுவரை தெரியாது அவனுக்கு. காபி வாசனையும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. தெரிந்தவர் பெயரே சில சமயம் நினைவுக்கு வராது. ஒரு நாள் அவன் அம்மா கடைக்கு வந்து அந்த ஹெல்மெட்டைக் கல்லா மேல் வைத்தார்கள். திட்டவில்லை. "ஒரு கீறல்கூட இல்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. விற்பதற்கு இல்லை.

"மெதுவாகத்தானே போகிறோம்" என்பவர்களுக்கு நம் இயற்பியல் வகுப்புக் கணக்கு ஒன்று சொல்கிறேன். பைக்கில் உட்கார்ந்திருப்பவர் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம். வண்டி நின்றபடியே சாய்ந்தால்கூட, அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். வெறும் மண்டை 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பைப் போல் 750 மடங்கு அதிர்ச்சி. அதே தலை 25 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால் 60 மடங்குதான். அந்த 25 மில்லிமீட்டரைக் கொடுப்பது எது? வெளியில் பளபளக்கும் ஓடு இல்லை. உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான அட்டை. அது நசுங்கி நசுங்கித்தான் மூளையைக் காப்பாற்றுகிறது. நாம் காசு கொடுப்பது அதற்கு. ஆனால் கண்ணாடியில் அது தெரிவதே இல்லை.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், படமே ஒரு பைக் விபத்தில்தான் ஆரம்பிக்கும். அது நிஜக் கதை. 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களுக்காக வண்டியை ஒடித்த லாரன்ஸ் விழுந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார். வயது 46. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அத்தோடு விடவில்லை. பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டனில் எல்லோருக்கும் ஹெல்மெட் சட்டமானது 1973-இல்தான். அதன் பிறகு உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் சொன்ன முடிவு: ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஆனால் இதெல்லாம் விழும்போது தலையில் நிற்கிற ஹெல்மெட்டுக்குத்தான்.

அதனால் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். டெய்லர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மாட்டினால் கன்னத்தை லேசாக அமுக்க வேண்டும். அந்தப் பையன் குறை சொன்னதுதான் உண்மையில் நல்ல அடையாளம். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் நகர வேண்டும். வாரைத் தாடையின் கீழ் இறுக்கி மாட்டிவிட்டு, பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கச் சொல்லுங்கள். கழன்றால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாமல் விற்பதே குற்றம். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், ஆகவே அதிலுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே!

தங்கைகளுக்கு ஒன்று. கொண்டை போட்டு அதன் மேல் மாட்டினால் ஹெல்மெட் தலையில் இறங்காது. பின்னலைக் கீழே விட்டுவிட்டு மாட்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் தலை ஒன்றுதான், அவருக்கும் வாங்குங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், உள் அட்டை நசுங்கினால் மறுபடி எழாது. பெட்ரோலும் தின்னரும் போட்டுத் துடைக்காதீர்கள், அட்டை கரைந்துவிடும்.

அப்படியானால் அழகே பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். பிடிக்காத ஹெல்மெட் டேங்க் மேல்தான் போகும், தலைக்கு வராது. ஆனால் முதலில் தலை, பிறகு கண்ணாடி. அந்த அம்மா வந்து போன பிறகு என் கடைக் கண்ணாடியைக் கழற்றி உள் அறையில் மாட்டிவிட்டேன். நான் அளந்து, மாட்டி, இழுத்துப் பார்த்துத் தேறிய மூன்று நான்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். எது அழகோ அதை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு விஷயம்: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், கருப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயம்படும் அபாயம் 24 சதவீதம் குறைவாக இருந்தது. எதிரே வருகிறவன் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். இந்த மலையில் பனி மூடும்போது யோசித்துப் பாருங்கள். அதே பனியில் கருப்பு வைசரைப் போட்டுக்கொண்டு வந்தால், நம் கண்ணையே நாம் கட்டிக்கொண்ட மாதிரி.

கடைசியாக, சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் முதல் மதிப்பெண் வாங்குகிற மாணவர்களுக்கு ஷீல்டு தருகிறோம். அது வீட்டு அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது. ஷீல்டு என்றால் கேடயம்தானே? இனி தலையை அளந்து ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுப்போம். முதல் பத்து என் செலவு. அளப்பதற்கும் நானே வருகிறேன்.

சாயங்காலம் எல்லோரும் இறங்கப் போகிறீர்கள். வாசலில் ஒரு டேப்போடு நிற்பேன். வெட்கப்படாமல் ஒரு நிமிஷம் நின்று காட்டிவிட்டுப் போங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அல்லது அதற்கும் முன்பே ஒரு தம்பிக்கு நான் செய்யாமல் விட்ட வேலை அது.