மொழி கற்பிக்க வந்தவர்கள்



வெளிமாநிலத்தில் வாழும் தமிழரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் உதவிகள் பல. அவற்றுள் ஒன்று நம்மைச் சற்றே கலங்கச் செய்தது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனே நகரில் நாம் குடியிருக்கும் வீட்டு வாயிலில் ஓர் இளம் பெண்மணி வந்து நின்றார். மராத்தி நாட்டுப் பெண். அண்மையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாமியார் வந்து மகனோடு தங்கியிருக்கிறார். மாமியாருக்கு மராத்தி தெரியாது. மருமகளுக்குத் தமிழ் தெரியாது. பகல் முழுவதும் இருவரும் ஒரே வீட்டில் வாய்மூடி இருக்கிறார்கள். "காகா, எனக்குத் தமிழ் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டார். காகா என்பது மராத்தியில் சிற்றப்பா முறை.

நாமோ மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். கல்லூரியில் பெற்றது கலைப் பட்டம். ஆசிரியப் பயிற்சி பெற்றோமில்லை. தாய்மொழி என்பது தவிர வேறு என்ன தகுதி நமக்கு உண்டு? இந்த ஐயம் எழவே, வளர்ந்தவர்களுக்கு வேற்று மொழி கற்பித்தவர்கள் யார், அவர்கள் எங்கிருந்து அப்பணிக்கு வந்தார்கள் என்று சிறிது தேடிப் பார்த்தோம். கண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

1800ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். கம்பெனியின் இளம் அதிகாரிகள் இந்நாட்டு மொழிகளைக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே 1801இல் வங்காள மொழி ஆசிரியராக அமர்ந்தவர் வில்லியம் கேரி. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்லர். இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழில் செய்துகொண்டே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றவர். 1793இல் வங்காளத்திற்கு வந்து, சில ஆண்டுகள் அவுரித் தொழிற்சாலையொன்றை மேற்பார்த்து, அங்குள்ள தொழிலாளரோடும் குடியானவரோடும் பேசிப் பழகித் தம் வங்காளத்தை வளர்த்துக்கொண்டவர்.

அவருக்கு மாதச் சம்பளம் 500 ரூபாய். அவருக்குக் கீழே இருந்த தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்காரருக்கு 200 ரூபாய்; ராம்ராம் பாசு முதலிய துணைப் பண்டிதர்களுக்கு 40 ரூபாய். கேரிக்கே வங்காளம் கற்பித்தவர்களுள் ஒருவர் இந்த ராம்ராம் பாசு என்பதை எண்ணும்போது, இந்த எண்கள் நம் நெஞ்சை உறுத்தாமல் இரா. பின்னர் கேரி மராத்தியும் கற்பித்தார். 1805இல் மராத்தி இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அம்மொழியை அவருக்கு உணர்த்தித் துணைநின்றவர் கல்லூரியின் மராத்திப் பண்டிதர் வைஜநாதர். நூல் கேரியின் பெயரால் நிற்கிறது. பண்டிதருக்கு முகவுரையில் ஒரு நன்றி உண்டு. அந்த அளவேனும் கிடைத்ததே என்று மகிழலாம். வெள்ளையருக்கு மொழி கற்பித்த முன்ஷிகள் எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

நம் சென்னையிலும் 1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அங்கே அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த புலவர்களுள் தாண்டவராய முதலியார் ஒருவர். அவர் பெயரைத் தமிழ் உரைநடை வரலாற்றில் படித்திருப்பீர்கள். மராட்டிய மண்ணில் வாழும் நமக்கு அவர்மீது தனி உரிமை உண்டு. மாணவர் படிப்பதற்கென்று 1826இல் வெளிவந்த அவருடைய பஞ்சதந்திரக் கதை, மராத்தி மொழியிலிருந்து தமிழில் பெயர்க்கப்பட்டது. பிற மொழிகளைத் தாம் பயின்ற ஒருவரே பிறருக்குத் தமிழைத் தெளிவாகச் சொல்லும் ஆசிரியரானார் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இனிப் புனே நகருக்கு வருவோம். சென்னை செல்லும் நம்மவர் இரயிலில் தௌண்ட் சந்திப்பை அடையுமுன் கேட்காவ் என்னும் ஊரைக் கடக்கிறார்கள். பண்டித ரமாபாய் ஆதரவற்ற பெண்களுக்காக முக்தி இல்லம் நடத்திய ஊர் அது. அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர். தந்தையும் தாயும் ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தவர்கள். தாய் லட்சுமிபாயே மகளுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். 1870களில் ஏற்பட்ட பஞ்சத்தில் பெற்றோர் இருவரையும் இழந்து, உடன்பிறந்தாரோடு நாடெங்கும் நடந்தவர் ரமாபாய். பிறகு கணவரையும் இழந்து, 1882இல் புனேக்கு வந்தார். மறு ஆண்டே இங்கிலாந்து சென்றார். அங்கே செல்ட்டனாம் மகளிர் கல்லூரியில் ஒரு புறம் தாம் மாணவியாகப் பாடம் கேட்டுக்கொண்டும், மறு புறம் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டும் இருந்தார். ஆண்களுக்கும் அவர் பாடம் சொல்லலாம் என்ற பேச்சு எழுந்தபோது, திருச்சபைப் பெரியோர் சிலர் அது தகாது என்று தடுத்தனர். அப்போதும் அவருடைய புலமையைப் பற்றி யாரும் ஐயுறவில்லை. அவர் பெண் என்பதே தடையாயிற்று.

இன்னொருவர் தர்மானந்த கோசாம்பி. கோவாவில் சாங்க்வால் என்னும் சிற்றூரில் 1876இல் பிறந்தவர். முறையான பள்ளிப் படிப்பு மிகச் சிறிது. புத்தரின் வரலாற்றைப் படித்து உள்ளம் பறிகொடுத்து, 1899இன் இறுதியில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். புனேயிலும் காசியிலும் சமஸ்கிருதம் பயின்றார். இலங்கை சென்று கொழும்பு வித்யோதய பிரிவேனாவில் பாலி கற்றார். தோணியிலும் இரயிலிலும் கால்நடையிலும் அலைந்து கற்ற அந்த மனிதரை, பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பாலி நூலாராய்ச்சிக்காக அழைத்துக்கொண்டது. 1912 முதல் 1918 வரை அவர் புனே பெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். அவரிடம் படித்த பு. வி. பாபட் பின்னாளில் பௌத்த ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றார்.

அவருடைய மகன் தா. தர். கோசாம்பி உலகறிந்த கணித அறிஞர், வரலாற்று ஆசிரியர். அவர் 1929இல் ஹார்வர்டிலிருந்து திரும்பிக் காசி இந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கற்பித்த பாடங்கள் இரண்டு. ஒன்று கணிதம், மற்றொன்று ஜெர்மன் மொழி! தந்தை துறவியாகி மொழியாசிரியரானார்; மகன் கணிதத்தின் வழியே வந்து மொழியாசிரியரானார்.

இன்றைய நிலை என்ன? பெர்குசன் கல்லூரிச் சாலையில் ரானடே நிறுவனம் என்று மக்கள் வழங்கும் கட்டடத்தில் புனேப் பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை இருக்கிறது. ஜெர்மன் மொழிக்கு மாக்ஸ்முல்லர் பவன் உண்டு; பிரெஞ்சு மொழிக்கு அலியான்ஸ் பிரான்சே உண்டு. ஜெர்மனி செல்ல விரும்பும் செவிலியரும், ஜப்பானிய நிறுவனங்களில் பணிபுரியும் பொறியாளரும் மாலை வேளைகளில் ஏடும் எழுதுகோலுமாக இந்நகரின் வகுப்புகளுக்கு விரைவதைக் காணலாம். அவர்களுக்குக் கற்பிப்போரில் நாம் அறிந்த சிலர் முன்பு இயந்திரத் தொழிற்சாலையில் இருந்தவர்கள். சிலர் திருமணத்திற்குப் பின் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே அயல்மொழித் தேர்வுகளில் தேறிய இல்லத்தரசிகள். சிலர் நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள். மணிக்கணக்கில் ஊதியம் பெற்று, வகுப்பு இல்லாத மாதங்களில் வருவாயும் இல்லாமல் வாழ்பவர்களும் அவர்களுள் உண்டு. அந்த 40 ரூபாய்ப் பண்டிதரின் வழிவந்தவர்கள் இன்னும் மறையவில்லை.

அரசு செய்த ஏற்பாடு ஒன்றையும் கூற வேண்டும். 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது. அதன் மேற்கு மண்டல மொழி மையம் புனே டெக்கான் கல்லூரி வளாகத்தில் இயங்கி வந்திருக்கிறது. பிற மாநிலப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அங்கே பத்து மாதம் தங்கி மராத்தி, குஜராத்தி, சிந்தி ஆகியவற்றுள் ஒன்றைப் பயின்று, ஊர் திரும்பி அதைக் கற்பிக்க வேண்டும் என்பது திட்டம். வேறு பாடம் நடத்திவந்த ஆசிரியர், வளர்ந்த வயதில் மீண்டும் மாணவராகிறார். அதன் பின்னரே மொழியாசிரியராகிறார்.

அன்பர்களே, செருப்புத் தைத்தவர், புராணம் வாசித்தவர், வீடு துறந்தவர், கணிதம் பயின்றவர், பொறியாளர், இல்லத்தரசி என்று வந்த வழிகள் வெவ்வேறாயினும் ஒன்று பொதுவாக நிற்கிறது. இவர்கள் அனைவரும் தம் தாய்மொழியல்லாத ஒரு மொழியை முயன்று கற்றவர்கள். தவறாகப் பேசும் வெட்கத்தை அறிந்தவர்கள். தாய்மொழி என்பதால் மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது என்பதை நாம் நம் தோல்வியால் உணர்ந்தோம். அதையும் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பெண்மணி மன்றாடிக் கேட்டதால் இசைந்தோம். முதல் நாள் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் மெய்யெழுத்துப் பதினெட்டையும் எழுதிக் காட்டினோம். "அவர் சாப்பிட்டாரா என்று கேட்பது எப்படி?" என்று அவர் வினவினார். நூல்வழக்கே தூயது என்ற எண்ணத்தில், "தாங்கள் உணவு உண்டீர்களா?" என்று சொல்லிக் கொடுத்தோம். அவர் வீடு சென்று அப்படியே கேட்டிருக்கிறார். மாமியார் விழுந்து விழுந்து சிரித்து, "நாடகத்திலே நடிக்கப் போறியாட்டீ?" என்றாராம். சொல் மருமகளுக்கு விளங்கவில்லை, சிரிப்பு விளங்கிற்று. அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை.

அப்போதுதான் நாம் மராத்தி கற்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. புனேக்கு மாற்றலாகி வந்த புதிதில் அலுவலக வண்டி வந்ததைக் கண்டு, "காடீ ஆலா" என்றோம். மராத்தியில் வண்டி பெண்பால். 'ஆலா' என்பதோ ஆண்பாலுக்குரிய வினை. நம் தமிழில் 'வண்டி வந்தான்' என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கும் அது. அங்கே நின்றிருந்த பியூன் சாத்தாரா மாவட்டத்து விவசாயி மகன். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். அவர் சிரிக்கவில்லை; தவறு என்றும் சொல்லவில்லை. "ஆமாம் ஐயா, காடீ ஆலீ" என்று சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு, வண்டிக் கதவைத் திறந்தார். அன்று முதல் அந்தத் தவறு நம் வாயில் வந்ததில்லை. நமக்கு வாய்த்த முதல் மராத்தி ஆசிரியர் அவரே. அவர் செய்ததை நாம் ஏன் செய்யவில்லை?

அந்தப் பெண்மணியின் கணவர் மூலமாக, பிழை எம்முடையது, மாணவியுடையது அன்று என்று சொல்லி அனுப்பினோம். மூன்றாம் ஞாயிறு வந்தார். அரிச்சுவடியை ஒரு பக்கம் வைத்தோம். "சாப்பிட்டீங்களா, அத்தை?" என்று தொடங்கினோம். சில வாரங்களில் சிறு சிறு பேச்சுகள் கைவந்தன. ஒரு நாள் நாம், நாங்கள் என்னும் இரு சொற்களுக்கும் வேறுபாடு கூற வேண்டியிருந்தது. ஆங்கிலத்தின் வழியே விளக்கினால் அரை மணி ஆகும். நமக்கு மராத்தி தெரிந்திருந்ததால் ஒரே வரியில் முடிந்தது. "நாம் என்றால் ஆபண், நாங்கள் என்றால் ஆம்ஹீ" என்றோம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. விலக்கி நிறுத்துவது மற்றொன்று. இந்த வேறுபாடு தமிழிலும் உண்டு, மராத்தியிலும் உண்டு. அவர் உடனே தலைநிமிர்ந்து, "அப்படியானால் அத்தையிடம் பேசும்போது நான் 'எங்க வீடு' என்று சொல்லக்கூடாது, அல்லவா?" என்று கேட்டார்.

அவர் இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார். மாமியார் உள்ளூர வருந்தியிருக்கிறார். அன்று மாலை மருமகள் "நம்ம வீடு" என்று சொன்னதும், கிழவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே! இராஸ்தா பேட்டையிலோ, கட்கியிலோ, வேறெந்த ஊரிலோ யாரேனும் உங்களிடம் வந்து தமிழ் கற்றுத் தரும்படி கேட்டால், தகுதியில்லை என்று மறுத்துவிடாதீர்கள். தமிழர் என்பதால் மட்டும் தகுதி வந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். வந்த மண்ணின் மொழியை முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், தவறி விழுங்கள், திருத்துவோரிடம் கேட்டுத் திருந்துங்கள். அந்த அனுபவத்தோடு மாணவர் முன் உட்காருங்கள். அவருக்கு இன்று எந்தச் சொல் தேவை என்று கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்கு ஒரு மொழி கற்பித்தவர் யாராயினும், அவர் பேராசிரியரோ பியூனோ, அவர் பெயரை நான்கு பேர் அறியச் சொல்லுங்கள். அவருக்கு ஊதியம் தர வேண்டிய இடத்தில் குறையாமல் தாருங்கள். முகவுரையில் ஒரு நன்றியோடு நின்றுபோன பண்டிதர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.