இயந்திரமும் இறைப்புகழும்

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பாடற்குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொத்தானை அமுக்கினால் தாளம் தானே வருகிறது. அப்படிப்பட்ட இசையை ஆலயத்தில் இறைவனுக்குப் படைக்கலாமா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். விடை காண, கணிப்பொறியோடு அமர்ந்து இசையமைத்த ஓர் அம்மையாரின் அனுபவம் நமக்கு உதவும்.

அவர் அமெரிக்க நாட்டு லாரி ஸ்பீகல். லியூட், பாஞ்சோ போன்ற நரம்புக் கருவிகளை வாசித்துப் பழகியவர். 1973-ல் நியூஜெர்சியிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியைத் தொடங்கினார். அங்கே 1957-லேயே மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியாளர் கணிப்பொறியை இசைக்க வைத்திருந்தார். ஆனால் அக்காலத்தில் எண்களைக் கொடுத்துவிட்டு, ஒலியைக் கேட்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஸ்பீகல் கையாண்ட 'குரூவ்' என்னும் அமைப்பில் அந்தக் காத்திருப்பு இல்லை.

அதில் ஒலி எழுப்புவது சிந்தசைஸர். அதற்கு மின்னழுத்தத்தின் வழியாகக் கட்டளையிடுவது கணிப்பொறி. இசையமைப்பவர் கட்டையை அமுக்குவதையும் குமிழைத் திருப்புவதையும் அது எண்களாகக் குறித்துக்கொள்ளும். கேட்டபோது அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும். அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே விடலாம். எழுதியவர் வரியை அடித்துத் திருத்துவதுபோல, அம்மையார் காதால் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

அவருடைய படைப்புகளுள் ஒன்று நம் சிந்தைக்குரியது. போதகராக விரும்பி இறையியல் கற்ற வானியல் அறிஞர் யோகான்னஸ் கெப்ளர், 1619-ல் ஒரு நூல் வெளியிட்டார். கோள்கள் சூரியனை நெருங்கும்போது விரைகின்றன, விலகும்போது தளர்கின்றன. அந்த வேகங்களுக்கு அவர் சுரங்களைக் கணக்கிட்டார். செவிக்கு எட்டாத அந்த இசையை, மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஸ்பீகல் கணிப்பொறியின் துணையால் ஒலிக்கச் செய்தார். 1977-ல் ஏவப்பட்ட இரு வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டுகளிலும் அது பதிக்கப்பட்டது. 2012-லும் 2018-லும் அவை சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிச் சென்றன.

அன்பர்களே, கணக்கிட்டவர் கெப்ளர். கேட்டுத் தேர்ந்தவர் ஸ்பீகல். இயந்திரம் சொன்னதைச் செய்தது. நாம் போற்றும் குழலார்கனும் காற்றாலும் குழாயாலும் இயங்கும் இயந்திரமே. 1963-ல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு அதற்குச் சிறப்பிடம் தந்து, திருவழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் இடமளித்தது.

ஆகவே கருவியைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதன் கையில் பாட்டை ஒப்படைத்துவிடவும் வேண்டாம். கடைசி வரிசையில் ஒரு பாட்டி மூச்சு வாங்கும்போது, தாளத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டும் என்று பொத்தானுக்குத் தெரியாது. கேட்கும் காதுள்ள உங்களுக்குத் தெரியும். மக்கள் வாய்திறந்து பாடும்வரை எந்தக் கருவியும் இறைப்புகழுக்கே துணை நிற்கும்.

இயேசுவுக்கே புகழ்!